14 ஆண்டு ஓடிய எஸ்யூவியை வைத்துக்கொள்வதா, புதியது வாங்குவதா?

உங்கள் வண்டிக்கு 14 வயது. 2,40,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. பெட்ரோல் இன்ஜின், ஆட்டோமேட்டிக் கியர். இதுவரை ஒருநாளும் வழியில் நின்றதில்லை. இப்போது டைமிங் பெல்ட், சஸ்பென்ஷன் பாகங்கள் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும் என்று மெக்கானிக் சொல்லும் தொகை, வண்டியை இன்று விற்றால் கிடைக்கும் விலையில் மூன்றில் ஒரு பங்கு வருகிறது. ‘பழைய வண்டியில் பணத்தைக் கொட்டாமல் புதியதை வாங்கிவிடலாம்’ என்கிறார்கள் வீட்டில். கடன் முடிந்துவிட்டது, ஆண்டுக்குச் சுமார் 12,000 கிலோமீட்டர் ஓட்டுகிறீர்கள், அதில் பாதி குடும்பத்தோடு போகும் நெடுந்தூரப் பயணம். நீங்கள் எழுதியிருப்பதை இரண்டு முறை படித்த பிறகு, இதில் இரண்டு கேள்விகள் சேர்ந்திருப்பதாகத் தோன்றுகிறது. இந்தச் செலவு பணக் கணக்கில் நியாயமா என்பது ஒன்று. இரவு நேரத்தில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் போக இந்த வண்டியை இன்னும் நம்பலாமா என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு ஏறக்குறைய உறுதியான விடை உண்டு. இரண்டாவதற்கு, வண்டியைக் கண்ணால் பார்க்காத யாரும் விடை சொல்லக் கூடாது. எங்கே, எதைப் பார்க்க வேண்டும் என்பதை மட்டும் சொல்லலாம். பழைய வண்டிகளைச் சோதித்து வாங்கலாமா வேண்டாமா என்று சொல்வதே நெடுங்காலம் என் வேலையாக இருப்பதால், அந்தப் பழக்கத்திலிருந்து எழுதுகிறேன்.

முதலில் அந்த ‘மூன்றில் ஒரு பங்கு’ என்ற கணக்கை ஒதுக்கி வையுங்கள். பழுதுச் செலவை வண்டியின் விற்பனை விலையோடு ஒப்பிடும் வழக்கம் பரவலாக இருக்கிறது. செலவு பாதி விலையைத் தாண்டினால் விற்றுவிட வேண்டும் என்று ஒரு விதியும் சொல்வார்கள். இந்த ஒப்பீடு உங்கள் கேள்விக்குப் பொருந்தாது. வண்டியின் சந்தை விலை என்பது அதை முன்பின் அறியாத ஒருவர், அதன் கடந்த காலத்தைப் பற்றிய சந்தேகங்களை எல்லாம் கழித்துக்கொண்டு தரும் தொகை. நீங்களோ அதன் ஒவ்வொரு சர்வீஸையும் அறிந்தவர். ஆகவே அந்த வண்டி உங்களுக்குத் தரும் பயன், அதன் சந்தை விலையைவிடப் பெரும்பாலும் கூடுதலாகவே இருக்கும். ஒப்பிட வேண்டியவை, அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளுக்குப் பழைய வண்டியை ஓட்ட ஆகும் மொத்தச் செலவும், அதே காலத்தில் புதிய வண்டியை வைத்திருக்க ஆகும் மொத்தச் செலவும்தான். சென்ற ஆண்டு ரேடியேட்டருக்கும் ஏசி கம்ப்ரெசருக்கும் செலவழித்ததாக வருத்தப்பட்டிருந்தீர்கள். அந்தப் பணத்தை இந்தக் கணக்கில் எந்தப் பக்கமும் எழுத வேண்டாம். அது போய்விட்டது, ஆனால் அதனால் வந்த புது ரேடியேட்டர் வண்டியில் இருக்கிறது என்பது மட்டும் உங்களுக்குச் சாதகம்.

எந்த நாட்டுப் பணமாக இருந்தாலும் கணக்கு ஒன்றுதான் என்பதால், நீங்கள் வாங்க நினைக்கும் புதிய எஸ்யூவியின் முழு விலையை 100 என்று வைத்துக்கொள்வோம். உங்கள் பழைய வண்டி இன்று 12-க்கு விற்கும் என்று கொண்டால், மெக்கானிக் கேட்பது 4. புதிய வண்டி முதல் ஆண்டிலேயே 15 முதல் 25 வரை மதிப்பை இழக்கும். ஐந்தாம் ஆண்டு முடிவில் பெரும்பாலான வண்டிகள் பாதி விலையை ஒட்டி வந்து நிற்கும். மறுவிற்பனையில் பெயர் பெற்ற சில வண்டிகள் இதைவிட நன்றாகத் தாக்குப்பிடிக்கும், சில மோசமாகச் சரியும். ஆனாலும் ஆண்டுக்குச் சராசரியாக 10 என்பது பொதுவில் ஒத்துக்கொள்ளத்தக்க அளவு. இதன்மேல் கடன் வாங்கினால் வட்டி, கூடுதல் இன்சூரன்ஸ், பதிவுக் கட்டணம், வரி. உங்கள் பழைய வண்டியின் மதிப்புச் சரிவு இனி ஆண்டுக்கு 1, மிஞ்சினால் 2. ஆகவே இந்த ஆண்டு 4 செலவழித்து, அடுத்த ஆண்டு வேறொன்று கெட்டு இன்னொரு 4 செலவழித்தாலும், புதிய வண்டியின் மதிப்புச் சரிவு ஒன்றே அதைவிடப் பெரிது. மதிப்புச் சரிவுக்கு யாரும் ரசீது எழுதித் தருவதில்லை, விற்கும் நாளில்தான் அது தெரியவரும். மெக்கானிக்கின் ரசீதோ கையில் கனக்கிறது. வீட்டில் எழும் விவாதம் பெரும்பாலும் இந்த வேறுபாட்டிலிருந்துதான் பிறக்கிறது.

எரிபொருள் மிச்சமாகும் என்ற வாதத்தையும் எண்களால் பார்த்துவிடலாம். பழைய வண்டி லிட்டருக்கு 9 கிலோமீட்டரும் புதியது 13 கிலோமீட்டரும் தருவதாகக் கொண்டால், ஆண்டுக்கு 12,000 கிலோமீட்டருக்கு முன்னது ஏறக்குறைய 1,333 லிட்டர் குடிக்கும், பின்னது 923 லிட்டர். மிச்சம் 410 லிட்டர். உங்கள் ஊர் பெட்ரோல் விலையால் இதைப் பெருக்கி, புதிய வண்டியின் ஓராண்டு மதிப்புச் சரிவுக்குப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்; மிச்சம் உண்மைதான், ஆனால் அது மட்டும் புதிய வண்டிக்கு விலை கட்டாது. ஆண்டுக்கு 35,000 அல்லது 40,000 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு இதே கணக்கு வேறு முகம் காட்டும். மைலேஜில் இன்னொரு விஷயமும் உண்டு. லிட்டருக்கு 8 தரும் வண்டியிலிருந்து 10 தரும் வண்டிக்கு மாறினால் 100 கிலோமீட்டருக்கு இரண்டரை லிட்டர் மிச்சமாகும். 15-லிருந்து 20-க்கு மாறினால் ஒன்றே முக்கால் லிட்டருக்கும் குறைவாகத்தான் மிச்சம். விளம்பரத்தில் பெரிதாகத் தெரியும் மைலேஜ் எண் அதே அளவுக்குப் பெரிய மிச்சமாக மாறுவதில்லை.

ஆக, பணம் மட்டுமே கேள்வி என்றால் வண்டியை வைத்துக்கொள்ளுங்கள் என்பதில் எனக்குத் தயக்கம் இல்லை. இந்த விடை மாறும் இடங்கள் சில உண்டு. வண்டி ஒருநாள் நின்றால் உங்கள் வருமானமும் நிற்கும் தொழில் என்றால் கணக்கு வேறு. உங்கள் பகுதியில் வண்டியின் வயதையோ புகைத் தரத்தையோ வைத்துத் தடை வரப்போகிறது என்றால் வேறு. உதிரிபாகம் கிடைக்கவில்லை என்றாலும் வேறு. இதில் மக்கள் பயப்படுவது இன்ஜின் பாகங்களுக்காக, ஆனால் முதலில் கிடைக்காமல் போவது பெரும்பாலும் எலெக்ட்ரானிக் கன்ட்ரோல் யூனிட்டுகளும், அந்த மாடலுக்கென்றே செய்த விளக்கு, கண்ணாடி, உள்பக்க பிளாஸ்டிக் போன்றவையும்தான்.

இனி மெக்கானிக் சொன்ன வேலைகளுக்கு வருகிறேன். அவர் எழுதிய பட்டியலில் பழுது என்று சொல்லத்தக்கது எதுவும் இல்லை; எல்லாம் தேய்ந்தால் மாற்ற வேண்டியவை. வால்வுகளையும் பிஸ்டன்களையும் ஒன்றுக்கொன்று இசைவாக இயங்கவைக்கும் டைமிங் பெல்ட் ரப்பரால் ஆனது. பெரும்பாலான இன்ஜின்களில் 1,00,000 முதல் 1,60,000 கிலோமீட்டருக்குள், அல்லது இத்தனை ஆண்டுகளுக்குள் என்று தயாரிப்பாளரே மாற்றச் சொல்லியிருப்பார். இதைத் தள்ளிப்போடவே கூடாது. பல இன்ஜின்களில் பெல்ட் அறுந்த கணமே வால்வுகளும் பிஸ்டன்களும் ஒன்றோடொன்று மோதி வளைந்துவிடும்; பெல்ட் விலை எங்கே, இன்ஜினைப் பிரித்துக் கட்டும் செலவு எங்கே! பெல்ட்டைக் கழற்றும்போதே வாட்டர் பம்ப், பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், அதை வழிநடத்தும் ஐட்லர் ஆகியவற்றையும் மாற்றச் சொல்லுங்கள். அவற்றைத் தனியாக மாற்றினால் அதே கழற்றும் கூலியை இன்னொரு முறை கொடுக்க வேண்டியிருக்கும். சஸ்பென்ஷன் இணைப்புகளில் அதிர்வைத் தாங்கும் ரப்பர் புஷ், பால் ஜாயிண்ட், ஷாக் அப்சார்பர் ஆகியவை 2,40,000 கிலோமீட்டர் தாங்கியதே பெரிது. மாற்றிய பிறகு வண்டி ஓட்டத்தில் தெரியும் வேறுபாடு உங்களையே வியக்க வைக்கும். ‘வண்டிக்கு வயதாகிவிட்டது, ஆடுகிறது’ என்று விற்க வருபவர்களில் கணிசமானவர்களுக்குத் தேவையாக இருந்தது புதிய புஷ்கள்தான்.

ஆனால் அந்த 4-ஐச் செலவழிக்கும் முன் ஒரு சோதனை இருக்கிறது. அதில் தேறாத வண்டிக்கு ஒரு காசும் போடாதீர்கள். வண்டியை லிஃப்டில் முழுவதுமாகத் தூக்கி, டார்ச்சும் ஒரு பழைய ஸ்க்ரூடிரைவரும் வைத்துக்கொண்டு அடிப்பாகம் முழுவதையும் பார்க்கச் சொல்லுங்கள். முடிந்தால் நீங்களும் கூடவே நில்லுங்கள். சேஸிஸின் நீண்ட இரும்புச் சட்டத்தை ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் தட்டிக்கொண்டே போனால் நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். உள்ளே அரித்த இடத்தில் ஒலி மந்தமாகிவிடும். அந்த இடத்தில் நுனியை அழுத்திப் பாருங்கள். மேலே பொடியாக உதிரும் செந்நிறத் துரு பெரும்பாலும் மேற்பரப்போடு நின்றிருக்கும், சுரண்டி வண்ணம் அடித்தால் போதும். ஏடு ஏடாகப் பெயர்ந்து வருவதும், நுனி உள்ளே இறங்குவதும் வேறு விஷயம். பின் ஸ்ப்ரிங் பொருத்தப்பட்டிருக்கும் இடம், சக்கரத்தைத் தாங்கும் கன்ட்ரோல் ஆர்ம் சேஸிஸோடு சேரும் இடம், பின் சக்கரத்துக்கு மேலே சட்டம் வளையும் இடம் ஆகியவற்றில் நீரும் சேறும் தங்கும் என்பதால் அரிப்பு அங்கேதான் தொடங்கும். பிரேக் ஆயில் போகும் இரும்புக் குழாய்களையும் கூடவே பார்க்க வேண்டும். அண்மையில் யாராவது அடியில் கறுப்புப் பூச்சு அடித்திருந்தால் அதை நம்பாதீர்கள். துருவை நிறுத்துவதற்கும் மறைப்பதற்கும் ஒரே பூச்சுதான் பயன்படுகிறது. கடலோரத்திலோ, பனிக்காலத்தில் சாலையில் உப்புத் தூவும் ஊரிலோ ஓடிய வண்டிக்கு இந்தச் சோதனையின் முக்கியத்துவம் இரட்டிப்பு. இன்ஜினை மாற்றலாம், கியர்பாக்ஸை மாற்றலாம். அரித்துப்போன சேஸிஸோடு குடும்பத்தை ஏற்றக் கூடாது.

இன்ஜினின் உடல்நிலையை அறிவது அவ்வளவு கடினமில்லை. எல்லா சிலிண்டர்களிலும் கம்ப்ரெஷனை, அதாவது பிஸ்டன் உண்டாக்கும் அழுத்தத்தை, அளந்து, அவற்றுக்குள் வேறுபாடு 10 முதல் 15 சதவீதத்துக்குள் இருந்தால் நிம்மதி. ஆயில் மூடியின் உட்புறம் மோர் கலந்ததுபோல் வெளுத்த படிவு இருந்து, கூலண்டும் காரணமில்லாமல் குறைந்துகொண்டே வந்தால் ஹெட் கேஸ்கெட்டை, அதாவது இன்ஜினின் தலைப்பகுதிக்கும் அடிப்பகுதிக்கும் நடுவே ஆயிலும் கூலண்டும் கலக்காமல் அடைக்கும் தகட்டை, சந்தேகிக்க வேண்டும். குறுகிய தூரமே ஓட்டும் வண்டிகளில், இன்ஜின் முழுச் சூடாகாததால், கேஸ்கெட் நன்றாக இருந்தும் அந்த வெளுப்பு வருவதுண்டு, ஆகவே ஒரு அறிகுறியை மட்டும் வைத்து முடிவு கட்ட வேண்டாம். 5,000 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் ஆயில் குறைவது இந்த வயதில் கவலைக்குரியதல்ல. ஆயிரத்துக்கு ஒரு லிட்டர் என்றால் பிஸ்டன் ரிங்கும் வால்வு சீலும் தேய்ந்திருக்கலாம்.

உண்மையான ஐயம் இருப்பது கியர்பாக்ஸில்தான். அதன் ஆயிலை இதுவரை மாற்றியதே இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த நிலையில் இப்போது மாற்றலாமா என்பதில் அனுபவமுள்ள மெக்கானிக்குகளே ஒத்த கருத்தில் இல்லை. மாற்றினால் கிளட்ச் தகடுகள் நழுவத் தொடங்கும் என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். ஏற்கெனவே தேய்ந்துபோன பெட்டிக்குத்தான் அப்படி நடக்கும், ஆயில் மேல் பழி போடுகிறார்கள் என்று மற்றவர்கள் சொல்கிறார்கள். நான் இரண்டாம் கருத்தின் பக்கம் சாய்கிறேன், ஆனால் உறுதியாகச் சொல்ல மாட்டேன். முதலில் சிறிது ஆயிலை எடுத்து முகர்ந்து பாருங்கள். கருத்துப்போய்த் தீய்ந்த வாடை அடித்தாலோ, கியர் மாறும்போது ஏற்கெனவே இழுத்தாலோ, அந்தப் பெட்டியின் நாட்கள் எண்ணப்படுகின்றன. நிறம் மட்டும் மங்கி, கியர் சீராக மாறினால், இயந்திரத்தால் அழுத்தி முழுவதும் கழுவ விடாமல், வடியும் அளவை மட்டும் வடித்துப் புதியதை ஊற்றி, சில ஆயிரம் கிலோமீட்டர் கழித்து இன்னொரு முறை அப்படியே செய்வது இருப்பதில் ஆபத்துக் குறைந்த வழி.

இனி பிள்ளைகளைப் பற்றிய கேள்வி. இதில் புதிய வண்டியின் பக்கம் உண்மையான வலு இருக்கிறது. அதைக் குறைத்துச் சொல்ல நான் விரும்பவில்லை. எஸ்யூவி உயரமானது, அதனால் திடீரென்று திருப்பும்போது கவிழும் வாய்ப்புக் கூடுதல். அதைத் தடுப்பதில் மிகப் பெரிய பங்கு எலெக்ட்ரானிக் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோலுக்கு, அதாவது வண்டி சறுக்கும்போது சக்கரங்களைத் தனித்தனியாகப் பிரேக் பிடித்து நேராக்கும் அமைப்புக்கு உண்டு. ஒரே வண்டி சம்பந்தப்பட்ட உயிர்ப்பலி விபத்துகளின் ஆபத்து இதனால் ஏறக்குறைய பாதியாகக் குறைவதாக அமெரிக்க ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. 1995-லேயே சொகுசுக் கார்களில் வந்துவிட்டாலும், அமெரிக்காவில் 2012 மாடல் முதலும், ஐரோப்பிய ஒன்றியத்தில் எல்லாப் புதிய கார்களுக்கும் 2014 நவம்பர் முதலும்தான் இது கட்டாயமானது. ஆகவே 14 ஆண்டுப் பழைய வண்டியில் அது இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். சாவியைத் திருப்பியதும் டாஷ்போர்டில், பின்னால் வளைந்த சறுக்குத் தடங்களோடு ஒரு காரின் படம் சில நொடிகள் எரிந்து அணைகிறதா என்று பாருங்கள். ஏர்பேக் விளக்கும் அதேபோல எரிந்து அணைய வேண்டும். அணையாமல் எரிந்துகொண்டே இருந்தால் கோளாறு என்பது எல்லோருக்கும் தெரியும்; சாவி போட்டதும் எரியவே இல்லை என்றால் அது அதைவிட மோசம், கோளாறை மறைக்க யாரோ விளக்கைத் துண்டித்திருக்கலாம்.

ஸ்டெபிலிட்டி கன்ட்ரோலும் பக்க ஜன்னல்களை மறைத்து விரிந்து தலையைக் காக்கும் கர்ட்டன் ஏர்பேக்கும் உங்கள் வண்டியில் இல்லையென்றால், இதுவரை நான் எழுதிய பணக் கணக்கு அனைத்தையும் தாண்டி, நெடுஞ்சாலைப் பயணங்களுக்காகவே வண்டியை மாற்றுவதை நான் ஆதரிப்பேன். இரண்டும் இருந்தால் நிலைமை வேறு. அதற்குப் பிறகு வந்த முன்னேற்றங்களும் பயனுள்ளவைதான். தானாகப் பிரேக் பிடிக்கும் அமைப்பு, முன்னால் போகும் வண்டியின் பின்புறம் மோதும் விபத்துகளை ஏறக்குறைய பாதியாகக் குறைத்ததாகத் தரவுகள் உள்ளன. முன்பக்கத்தின் கால் பகுதி அகலம் மட்டும் மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் மோதும் சோதனையை அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனங்களின் ஆய்வமைப்பு 2012-ல் தொடங்கிய பிறகு, பல வண்டிகளின் முன் கட்டமைப்பே மாறியது. இவை இல்லாத குறை ஒவ்வொருவரின் சாலைக்கும் ஓட்டும் முறைக்கும் ஏற்ப எவ்வளவு என்பதை எண்ணால் சொல்ல முடியாது. அந்தத் தராசைப் பிடிக்க வேண்டியவர் நீங்கள்.

வைத்துக்கொள்வதாக முடிவு செய்தாலும் செய்யாவிட்டாலும் இந்த வாரமே பார்க்க வேண்டியவை இரண்டு. சேஸிஸ் எண்ணைக் கொடுத்து, தயாரிப்பாளரின் தளத்தில் நிலுவையில் ரீகால், அதாவது குறையுள்ள பாகத்தைத் திரும்பப் பெற்று மாற்றித் தரும் அறிவிப்பு, ஏதும் உண்டா என்று பாருங்கள். டகாட்டா நிறுவனத்தின் ஏர்பேக் இன்ஃப்ளேட்டர்கள், அதாவது ஏர்பேக்கை வாயுவால் நிரப்பும் உலோகக் கூடுகள், உலகெங்கும் சுமார் 10 கோடி திரும்பப் பெறப்பட்டன. அவற்றிலிருந்த அம்மோனியம் நைட்ரேட் வெப்பத்தாலும் ஈரப்பதத்தாலும் ஆண்டுக்கணக்கில் சிதைந்து, ஏர்பேக் விரியும்போது உலோகக் கூடே வெடித்து ஓட்டுநர்கள் இறந்திருக்கிறார்கள். உங்கள் வண்டியின் வயதும் அந்தக் காலத்தைச் சேர்ந்தது, மாற்றுவது இலவசம். மற்றது டயர். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்தது. டயர் பட்டனின் (தரையைப் பிடிக்கும் வரிகளின்) ஆழம் எவ்வளவு இருந்தாலும் ஆறு ஆண்டைத் தாண்டிய டயரை ஆண்டுதோறும் சோதிக்க வேண்டும், பத்து ஆண்டைத் தாண்டியதை ஓட்டக் கூடாது. ஸ்டெப்னியின் எண்ணைப் பார்க்க மறந்துவிடாதீர்கள். பெரும்பாலும் அது வண்டியோடு பிறந்ததாகவே இருக்கும்.

புதியது வாங்கினால் தொல்லையே இராது என்று நினைத்திருந்தால், அதையும் சற்று மாற்றிக்கொள்ள வேண்டும். புத்தம் புதிதாக அறிமுகமாகும் மாடலின் முதல் ஆண்டு வண்டிகளில் சிறு கோளாறுகள் கூடுதலாக வரும். வாரண்டி செலவைத் தாங்கும், உங்கள் நேரத்தைத் தாங்காது. கேமராவும் ரேடாரும் பொருத்திய வண்டியில் முன் கண்ணாடியை மாற்றினால்கூட அவற்றை மீண்டும் அளவுபடுத்த வேண்டியிருக்கும். பாதுகாப்புக்காக மாற்றுவதென்றால், மூன்று ஆண்டு ஓடிய, சர்வீஸ் பதிவு முழுமையாக உள்ள வண்டி ஒன்றை நான் முதலில் தேடுவேன். முதல் ஆண்டுகளின் பெரிய மதிப்புச் சரிவை வேறொருவர் ஏற்றிருப்பார். பாதுகாப்பு வசதிகள் பெரும்பாலும் கிடைத்துவிடும்.

நீங்கள் எழுதிய விவரங்களை மட்டும் வைத்துச் சொன்னால், என் பரிந்துரை இதுதான். முதலில் லிஃப்ட் சோதனை, கூடவே ஸ்டெபிலிட்டி கன்ட்ரோலும் கர்ட்டன் ஏர்பேக்கும் உண்டா என்ற சோதனை. இரண்டிலும் தேறினால் மெக்கானிக் சொன்ன வேலைகளை முழுமையாகச் செய்து, இன்னும் மூன்று ஆண்டு ஓட்டும் எண்ணத்தோடு வைத்துக்கொள்ளுங்கள். செலுத்த வேண்டியிராத மாதத் தவணையில் பாதியையாவது ஒவ்வொரு மாதமும் தனியாக எடுத்து வையுங்கள். அடுத்த பழுதுக்கும் அடுத்த வண்டிக்கும் அதுவே முதல். எது நடந்தால் விற்பது என்பதையும் இப்போதே வீட்டாரோடு பேசி எழுதி வைத்துக்கொள்வது நல்லது: கியர்பாக்ஸைப் பிரித்துக் கட்ட வேண்டிவந்தால், சேஸிஸில் ஓட்டை விழுந்தால், ஓராண்டில் இரண்டு முறை வழியில் நின்றால். அடுத்த வண்டி எது என்பதை இந்த வண்டி நன்றாக ஓடும்போதே பார்த்து, ஓட்டிப் பார்த்து முடிவு செய்துவிடுங்கள். பழுதான வண்டியை ஒர்க்‌ஷாப்பில் விட்டுவிட்டு அவசரமாக வாங்கப் போனால் விலையிலும் தேர்விலும் பேரம் பேசும் வலு உங்களிடம் இராது. லிஃப்டில் ஏற்றியபோது அடிப்பாகத்தைப் படம் எடுத்து இங்கே போட்டால், துருவைப் பற்றி இன்னும் திட்டமாகச் சொல்ல முடியும்.